மஞ்சப்பை போட்ட சீட்டு

அனுராதா இதுவரைக்கும் ஒரு ரயிலையும் தவறவிட்டதில்லை. இதை அவளே சொல்லுவாள். கேட்காதவர்களிடமும் சொல்லுவாள்.

கோழிப்பண்ணைகளில் குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போடக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. நாமக்கல்லில் ஒரு மருந்துக் கம்பெனி அவளை மாதத்தில் பாதி நாள் வெளியூருக்கு அனுப்பிவிடும். ஆந்திரா, ஒடிசா, பஞ்சாப் என்று பதினாலு வருஷம் சுற்றியாகிவிட்டது. எந்த ஸ்டேஷனில் டீ குடிக்கலாம், எந்த ஸ்டேஷனில் குடித்தால் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் வருத்தப்பட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாலு வரி எழுதுவாள். ‘வெளியூரில் மூன்று பேரிடம் வழி கேளுங்கள். இரண்டு பேர் ஒரே பக்கம் கை காட்டினால் அங்கே போங்கள்.’ ‘ஓட்டலில் ஈரத் துண்டு கிடந்தால் சண்டை போடாதீர்கள், வேறு ஓட்டலிலும் அதே துண்டுதான்.’ காளப்பநாயக்கன்பட்டியில் பாதிப் பேர் இதைப் படித்துவிட்டுத்தான் பல் விளக்குகிறார்கள் என்று அவள் புருஷன் சுரேந்தர் கிண்டல் செய்வான். அவன் கிண்டலையும் அவள் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள்.

இவ்வளவு ஊர் பார்த்தவளுக்கு இரண்டு காரியம் மட்டும் கைகூடவில்லை. ஒன்று, வாசலில் நின்றால் கண்ணுக்கு நேராகத் தெரிகிற கொல்லிமலை. கல்யாணமான புதிதில் சுரேந்தர் அவளைப் பஸ்ஸில் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவு. முப்பத்தொன்றாவது வளைவில் புதுப் புடவையெல்லாம் வாந்தி. அதோடு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. யாராவது கேட்டால், “பக்கத்துல இருக்கறதுதானுங்க, எப்ப வேணாப் போயிக்கலாம்” என்று சொல்லி நழுவிவிடுவாள். ரயிலும் விமானமும் ஒத்துக்கொண்ட உடம்புக்கு அந்த மலைப் பஸ் மட்டும் ஆகவே ஆகாது.

இன்னொன்று, அவளுடைய மாமியார் கருப்பாத்தாள். அந்த அம்மாளை ஒரே ஒரு பயணத்துக்காவது கிளப்பிவிட வேண்டும் என்று பதினோரு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். “எருமை சினையா இருக்குது கண்ணு” என்பாள் கருப்பாத்தாள். அடுத்த வருஷம் எருமை கன்று போட்டிருக்கும். அதற்கடுத்த வருஷம் சோளம் அறுப்பு. ஒரு தடவை மழை வரும் என்றாள், இன்னொரு தடவை மழை வராது என்றாள்.

அனுராதாவும் விடுவதாக இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. முதன்முதலில் விஜயவாடாவுக்கு நாலு நாள் போகச் சொல்லிக் கம்பெனி கடிதம் கொடுத்தபோது மகள் கௌசிகாவுக்கு ஒன்றரை வயசு. பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு ஒரு பொம்பளை வேலைக்கு வெளிமாநிலம் போகிறாளாம் என்று தெருவே வாயைப் பிளந்தது. கருப்பாத்தாள்தான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். “போயிட்டு வா சாமி. புள்ளை ஒண்ணும் உன்னயத் தேடாது, நான் இருக்கறனில்ல” என்றாள். பிள்ளை நாலு நாளும் காய்ச்சலில் கிடந்து அழுதது ஒரு மாசம் கழித்துத்தான், அதுவும் பக்கத்து வீட்டுக் கோகிலா சொல்லித்தான் அனுராதாவுக்குத் தெரிந்தது. போன ஊரில் நல்லதாக எதைப் பார்த்தாலும் அவளுக்கு அத்தை ஞாபகம் வரும். நாம் இங்கே நிற்பதற்காக ஒருத்தி அங்கே வீட்டில் இருக்கிறாளே என்று தோன்றும்.

போன மாசம் ஒருநாள் சாயங்காலம் டிவியில் கடலைக் காட்டினார்கள். கருப்பாத்தாள் கீரை ஆய்ந்துகொண்டே, “இந்தத் தண்ணி எப்பவும் இப்புடியேதான் அடிச்சுக்கிட்டுக் கெடக்குமா? செத்த நேரம் சும்மா இருக்காதா?” என்று கேட்டாள்.

“நேர்ல வந்து பாருங்க அத்தை.”

“பாக்கலாம்” என்று விட்டாள் கருப்பாத்தாள், வாய் தவறி.

அவ்வளவுதான். எருமை காதில் விழுவதற்குள் அனுராதா கன்னியாகுமரிக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டாள். நாமக்கல்லில் மாலை ஐந்தே முக்காலுக்கு ரயில். எருமை சுரேந்தர் பொறுப்பு.

புறப்படுகிற அன்று பன்னிரண்டு மணிக்கே கருப்பாத்தாள் தயார். ஊதா நிறச் சுங்குடிப் புடவை, காலில் புதுச் செருப்பு, கையில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் புளிசோற்றுத் தூக்கு, ஒரு துண்டு, ஆறு எலுமிச்சம்பழம்.

“எதுக்கு அத்தை ஆறு எலுமிச்சம்பழம்?”

“கெடக்கட்டும்” என்றாள். காலையிலிருந்து அவள் ஒரு டம்ளர் மோர் தவிர வேறு எதையும் தொடவில்லை. அனுராதா அதை உற்சாகம் என்று நினைத்துக்கொண்டாள்.

“உங்க போனை என்கிட்ட கொடுங்க அத்தை. பயணத்துல முக்கியமான சாமானெல்லாம் ஒரே பையில இருக்கோணும்” என்று வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இந்த வரியும் ஒரு தடவை ஸ்டேட்டஸில் வந்ததுதான்.

பஸ் ஸ்டாண்டில் அன்று முகூர்த்தக் கூட்டம். ஒன்றே முக்காலுக்கு இரண்டு பஸ் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வந்து நின்றன. இரண்டிலும் ஒரே போர்டு: நாமக்கல் – கொல்லிமலை. ஒன்று மேலே போகிறது, ஒன்று கீழே இறங்குகிறது. எது எந்தப் பக்கம் போகிறது என்று கண்டக்டரைக் கேட்க வேண்டும், அல்லது வண்டிக்குள் இருக்கிற முகங்களைப் பார்க்க வேண்டும். உள்ளூர்க் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அனுராதாவுக்குச் சீட்டுப் பிடிக்கிற அவசரம். கூட்டம் படிக்கட்டில் மொய்ப்பதற்குள் அத்தையின் கையிலிருந்த மஞ்சப்பையை வாங்கி, பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிச் சீட்டில் போட்டாள். பையோ துண்டோ ஒரு சீட்டில் விழுந்துவிட்டால் அந்தச் சீட்டு போட்டவருக்குச் சொந்தம். இதில் எங்கள் பக்கத்தில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

“அத்தை, பை கெடக்கற சீட்டுல போயி ஒக்காருங்க. நான் தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்தர்றேன்.”

கடையில் சில்லறைக்குத் தாமதம். திரும்பி ஓடி வரும்போது ஒரு பஸ் விசிலடித்து நகர்ந்துகொண்டிருந்தது. “நாமக்கல், நாமக்கல்” என்று கண்டக்டர் கத்தினார். தாவி ஏறிவிட்டாள். முன்படிக்கட்டில் ஒற்றைக்காலில் நின்றபடியே, “ரெண்டு நாமக்கல்” என்று டிக்கெட் வாங்கினாள். எள் போட்டால் எள் விழாத கூட்டத்துக்குப் பின்னால் எங்கோ அத்தை ஜன்னலோரம் சுகமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று மனசு நிறைந்திருந்தது. ஸ்டேட்டஸுக்கு வரியும் தயாராகிவிட்டது: ‘முதல்முறை பயணம் செய்பவரின் பக்கத்தில் உட்காருங்கள், நமக்கும் கண் புதிதாகும்.’

சேந்தமங்கலத்தில் பாதிக் கூட்டம் இறங்கியது. அனுராதா பின்சீட்டு வரைக்கும் நடந்தாள். திரும்ப முன்னால் வந்தாள். அத்தையும் இல்லை, மஞ்சப்பையும் இல்லை.

போனை எடுத்து அத்தைக்கு அடித்தாள். கைப்பைக்குள்ளேயே மணி அடித்தது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. பையைப் போட்டது மலைக்குப் போகிற வண்டியில். கீழே இறங்கிச் சுரேந்தருக்குப் போன் போட்டாள்.

“உலகம் பூரா சுத்துனவ, எங்கம்மாளைப் பஸ் ஸ்டாண்டுல தொலைச்சுட்டயா?” என்றான். பின்னால் எருமை கத்தியது. “அது மலைக்குப் போற வண்டியில்ல? அம்மா தனியா சேந்தமங்கலம் கூட வந்ததில்லயே. நீ மேல போ, நான் ஊட்டுலயே இருக்கறேன். ஒருவேளை திரும்பி வந்தா ஆள் வேணுமில்ல.”

இரண்டே முக்காலுக்கு மலைக்குப் போகிற அடுத்த பஸ் வந்தது. இந்தத் தடவை அனுராதா டிரைவரிடம் கேட்டாள், கண்டக்டரிடம் கேட்டாள், உட்கார்ந்திருந்த ஒருத்தரிடமும் கேட்டாள். மூன்று பேரும் மேலே என்றார்கள். ஏறிக்கொண்டாள்.

பக்கத்துச் சீட்டில் முனியாயி என்று ஒரு அம்மாள். மலைமேல் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் வீடு, மகளைப் பார்க்கக் கீழே வந்துவிட்டுத் திரும்புகிறவள். அனுராதா முகத்தைப் பார்த்ததுமே என்ன ஏது என்று விசாரித்து, கண்டக்டரைக் கூப்பிட்டு, முன்னால் போன வண்டிக்குப் போன் போடச் சொல்லிவிட்டாள். முன்வண்டிக் கண்டக்டர் பெயர் செங்கோடன். பஸ் அடிவாரக் காரவள்ளியைத் தாண்டி ஏழாவது வளைவில் திரும்பும்போதுதான் அவர் போனை எடுத்தார். இந்தக் கண்டக்டர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏப்பா செங்கோடா, உன்ற வண்டில மஞ்சப்பையோட ஒரு அம்மா ஏறுனாங்களா?”

“ஆமாமா, ஊதாச் சீலை. வண்டி மாறிட்டாங்கன்னு காரவள்ளியிலயே எறங்கச் சொன்னனப்பா, அவங்க என்னன்னா...” 

அவ்வளவுதான், சிக்னல் போய்விட்டது. 

காரவள்ளியில் இறங்கச் சொன்னார். இறங்கினாளா? அங்கே ஒரு செக்போஸ்ட், நாலு கடை, அப்புறம் காடு. போன் இல்லாமல், கையில் காசும் இல்லாமல் அத்தை அங்கே நின்று தேம்பிக்கொண்டிருந்தால்? அனுராதா எழுந்துவிட்டாள். “வண்டியை நிறுத்துங்க, நான் எறங்கிக்கறேன்.”

“ஒக்காருங்க கண்ணு” என்று முனியாயி கையைப் பிடித்து இழுத்தாள். “நடு வளைவுல எறங்கி என்ன பண்ணுவீங்க? கொரங்குகிட்ட விசாரிப்பீங்களா? மேல சிக்னல் வரும், பேசிக்கலாம்.”

அனுராதா உட்கார்ந்தாள். பதினைந்து, பதினாறு என்று வளைவுகளின் எண் போர்டு வந்துகொண்டே இருந்தது. ரயில் போகட்டும், அது போய்த் தொலையட்டும். பதினோரு வருஷம் கெஞ்சி ஒரு தடவை வாசலைத் தாண்ட வைத்தவளை இப்படி விட்டுவிட்டோமே. இனி ஆயுசுக்கும் அந்த அம்மாள் எங்கேயும் வரமாட்டாள். யார் கூப்பிட்டாலும், “நான் ஒருக்கா போன கதை தெரியாதா” என்பாள். இதை நினைத்ததும் அனுராதாவுக்கு அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது.

முப்பத்தொன்றாவது வளைவு அவளை மறந்திருக்கவில்லை.

“தலையை வெளிய நீட்டாதீங்க, இந்தாங்க கவரு” என்றாள் முனியாயி, அதற்கும் தயாராக. “கண்ணை மூடாதீங்க. மூடுனா இன்னும் சுத்தும். டிரைவர் பாக்கற ரோட்டையே நீங்களும் பாருங்க.” நாற்பத்திரண்டில் ஒரு தடவை, ஐம்பத்தாறில் ஒரு தடவை. பதினாலு வருஷத்தில் எத்தனையோ மாநிலத்தில் சேர்த்து வைத்த கௌரவமெல்லாம் முனியாயியின் பிளாஸ்டிக் கவரில் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸில் யாரும் முகம் சுளிக்கவில்லை. முன்சீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு புளிப்பு மிட்டாயை நீட்டினார்.

எழுபதும் முடிந்து காற்று சில்லென்று வந்ததும் கண்டக்டர் போன் அடித்தது. செங்கோடன்தான்.

“அந்த அம்மா எறங்கலயப்பா. எறங்கமாட்டேனுட்டாங்க. சோளக்காட்டுல எறங்கிச் சந்தைக்குள்ள போனாங்க.”

எறங்கமாட்டேன் என்று ஏன் சொன்னாள்? அனுராதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உயிர் வந்தது, அது போதும்.

மலைமேல் ஊரான சோளக்காட்டில் சந்தை கலைகிற நேரம். மிளகு மூட்டையும் பலாப்பழமும் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு அன்னாசிப்பழக் கடை. கடைக்கு முன்னால் பெஞ்சில், ஊதாச் சுங்குடிப் புடவையில், இரண்டு பொம்பளைகளுக்கு நடுவே கருப்பாத்தாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சப்பை. கையில் மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டு. பக்கத்தில் புளிசோற்றுத் தூக்கு காலியாகக் கிடந்தது.

தலை கலைந்து, முகம் வெளுத்து, தள்ளாடி வந்து நின்ற மருமகளைப் பார்த்ததும் அவள் எழுந்துகொண்டாள்.

“வந்துட்டயா அனு? இதா, இதுதான் என்ற மருமக. எல்லா ஊரும் தெரியும்” என்று இரண்டு பொம்பளைகளிடமும் சொன்னாள். அப்புறம், “ஏங்கண்ணு, மூஞ்சி ஏன் இப்புடி இருக்குது?” என்றாள்.

அனுராதா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். வாய் விட்டே அழுதாள். “பயந்தே போயிட்டேன் அத்தை. தப்பு என்னுதுதான், வண்டியைப் பாக்காமப் பையைப் போட்டுட்டேன்.”

“அட, விடு சாமி.”

“காரவள்ளியில எறங்கச் சொன்னாராமில்ல, ஏன் எறங்கல?”

கருப்பாத்தாள் அன்னாசித் துண்டை ஒரு கடி கடித்தாள். “எறங்குனா ஊட்டுக்குத்தான போவோணும்” என்றாள்.

அப்புறம் அவளே சொன்னாள். இத்தனை வருஷமும் எருமையெல்லாம் சும்மா சாக்கு. உள்ளுக்குள் பயம். வண்டியில் தலை சுற்றி, வாந்தியெடுத்து, நடுவழியில் நாலு பேருக்கு முன்னால் மருமகளுக்கு இழுக்காகிப் போவோமோ என்கிற பயம். அதற்குத்தான் ஆறு எலுமிச்சம்பழம். காலையிலிருந்து சாப்பிடாததும் அதற்குத்தான். “காரவள்ளி வந்ததும் அந்தக் கண்டக்டர் தம்பி எறங்குங்கன்னாரு. எனக்கு ஒரு யோசனை. நீ எப்படியும் தேடிக்கிட்டு வந்துருவ, அது தெரியும். உன்னய மாதிரி ஊரு சுத்துனவளுக்கு இந்த மலை என்ன பெருசா? இந்த எழுவது வளைவும் தாங்குனா ரயிலுந் தாங்கும், தாங்கலைன்னா வாந்தியெடுத்தது உனக்குத் தெரியாமயே ஊடு போயிச் சேந்தர்லாமுன்னு நெனச்சேன். முந்தானையில முடிஞ்சு வெச்ச காசுல டிக்கெட் வாங்கிட்டு, போற வரைக்கும் போவோமுன்னு ஒக்காந்துட்டேன்.”

“தாங்குச்சா?”

“ஒவ்வொண்ணா எண்ணுனேன் கண்ணு. எழுவது. ஒரு ஏப்பங்கூட வரல” என்றாள் கருப்பாத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அனுராதா கௌசிகா பிறந்த அன்றுதான் பார்த்திருக்கிறாள். “எலுமிச்சம்பழம் அப்புடியே இருக்குது. உனக்கு வேணுமா?”

முனியாயி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “உங்க மருமகளுக்கு ஆறும் கொடுங்க. மூணு கவரு ஆச்சு” என்று போட்டு உடைத்துவிட்டாள். கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அனுராதாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷமாக மூடி வைத்திருந்தது சோளக்காட்டுச் சந்தையில் பொதுவில் வந்துவிட்டது, இனி என்ன மறைப்பது.

ஐந்தே முக்காலுக்கு அவள் தன்னையறியாமல் போனைப் பார்த்தாள். நாமக்கல்லில் ரயில் வந்து, இரண்டு சீட்டைக் காலியாக ஏற்றிக்கொண்டு போயிருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரயிலை விட்டிருக்கிறாள். வருத்தப்பட வேண்டும் என்று தோன்றியது, வருத்தம்தான் வரவில்லை. வாயில் அன்னாசி காரமும் தித்திப்புமாக இருந்தது. வீட்டு வாசலிலிருந்து தினமும் பார்க்கிற மலை இது. இதன் மேலிருந்து பார்த்தால் காளப்பநாயக்கன்பட்டி அடையாளமே தெரியாத ஒரு பச்சைத் துண்டு. நம் வீடு இருக்கிற இடத்தை இப்படி ஒரு தடவைகூடப் பார்க்காமல் பஞ்சாப் வரைக்கும் போயிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டாள்.

“ரயிலு போயிருச்சா?” என்று கேட்டாள் கருப்பாத்தாள்.

“போயிருச்சுங்க அத்தை.”

“நாளைக்கும் வருமாமில்ல? செங்கோடன் தம்பி சொன்னாரு. எருமையைச் சுரேந்தரு இன்னொரு ரெண்டு நாளைக்குப் பாத்துக்கட்டும். இன்னைக்கு எங்கிட்டப் பேசும்போது நல்லாத்தான் கறந்தேன்னான்.”

“உங்ககிட்ட எப்பப் பேசுனாரு?”

“வந்து எறங்குனதும் இந்தக் கடைக்காரர் போன்லதான். உனக்கும் அடிச்சேன். உனக்குச் சிக்னல் இல்ல.”

அனுராதா கைப்பையைத் திறந்து அத்தையின் போனை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். “இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றாள். தன் போனில் அங்கேயே நின்றபடி அடுத்த நாள் ரயிலுக்கு இரண்டு டிக்கெட் போட்டாள். நம்பர்கள் உங்களுக்கு எப்படி மனப்பாடம் என்று அத்தையைக் கேட்க நினைத்தாள். பதினாலு வருஷமாக ஊருக்குப் போனவளுக்கு ராத்திரி எட்டு மணியானால் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டவளுக்கு நம்பர் தெரியாதா. கேட்கவில்லை.

கீழே போகிற பஸ் திரும்பி வந்து நிற்பதற்குள் சந்தைக் கூட்டம் மொத்தமும் அதை நோக்கி ஓடியது. அனுராதா கால் எடுத்து வைப்பதற்குள் பக்கத்தில் நின்ற கருப்பாத்தாளைக் காணோம். புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊதாப் புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அறுபத்து மூன்று வயசு அம்மாள் கூட்டத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். நேராகப் போனவள் டிரைவர் பக்கத்தில் நின்று அண்ணாந்து ஏதோ கேட்டாள். டிரைவர் தலையாட்டினார். அதற்கப்புறம்தான் மஞ்சப்பையை ஜன்னல் வழியாக உள்ளே போட்டாள்.

அனுராதா மூச்சு வாங்க வந்து ஏறியபோது மூன்றாவது வரிசையில் மஞ்சப்பை ஜன்னலோரச் சீட்டில் கிடந்தது. கருப்பாத்தாள் அதற்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“இது கீழ போற வண்டிதான அத்தை?”

“கேட்டுட்டுத்தான் போட்டேன். உன்னாட்டமா?” பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு எலுமிச்சம்பழத்தை மருமகள் கையில் திணித்தாள். “நீ சன்னலோரம் ஒக்காரு சாமி. வாந்தி வந்தா நான் பாத்துக்கறேன்.”